டிப்ளமோவுக்குத் தலையாட்டும் முன்

சிறப்புக் கல்வி தேவைப்படும் பதின்வயதுப் பிள்ளையோடு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கு வந்திருக்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்.

சேர்ப்பது பெரிய காரியமில்லை. ஊரில் எடுத்த மருத்துவ அறிக்கைகளோடு போய், மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பிள்ளைக்கென்று தனியாக எழுதும் கல்வித் திட்டத்துக்கு ஐஇபி (IEP) என்று பெயர். அந்தக் கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம், செலவு பள்ளியுடையது.

நாங்கள் இடறியது கடைசியில். பெரும்பாலான மாநிலங்களில் 21, 22 வயதோடு நின்றுவிடும் இந்தக் கல்வி, மிச்சிகனில் 26 வரை உண்டு. செப்டம்பர் 1 அன்று 26 நிறையாதிருந்தால் அந்தக் கல்வியாண்டு முழுவதும் கிடைக்கும். ஆனால் வழக்கமான டிப்ளமோவைப் பெற்றுவிட்டால் அன்றோடு சரி. இங்கே டிப்ளமோ என்பது பாலிடெக்னிக் படிப்பு அல்ல, பள்ளியிறுதிச் சான்றிதழ்.

என் மகனுக்கு ஆட்டிசம். "எல்லாப் பாடமும் தேறிவிட்டான், இந்த ஆண்டே டிப்ளமோ கொடுத்துவிடலாம்" என்றார்கள். ஊரில் இரண்டு பள்ளிகள் சேர்க்க மறுத்த பிள்ளை அவன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. 18 முடிந்திருந்ததால் கையெழுத்து அவனுடையது. போட வேண்டிய இடத்தைக் காட்டியது என் விரல். நீல அங்கியோடு அவன் நின்ற படத்தைக் கும்பகோணத்தில் அம்மா பூஜையறையில் மாட்டினார்.

செப்டம்பரில் ஏழு மணிக்கு முன்பே பையை மாட்டிக்கொண்டு ஜன்னலருகே நின்றான். மஞ்சள் பஸ் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. மூன்று வாரம் தினமும் அப்படியே நின்றான். தனியாகப் பஸ் ஏற, சில்லறை எண்ணி வாங்க, ஒரு வேலை பழக இன்னும் எட்டு ஆண்டுகள் அவனுக்கு இருந்தன. யாரும் சொல்லவில்லை. இன்றும் ஆறவில்லை.

ஆகவே, பாடம் தேறினானா என்று மட்டும் பார்க்காதீர்கள். 16 வயதுக்குள் ஐஇபியில் பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான இலக்குகளை எழுதியாக வேண்டும். அவற்றில் எதை எட்டினான் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். டிப்ளமோ தருமுன் பள்ளி எழுத்தில் அறிவிக்க வேண்டும். உடன்பாடில்லை என்றால் பட்டமளிப்புக்கு முன்பே முறைப்படி விசாரணை கோரி மனுக் கொடுங்கள். அது முடியும்வரை படிப்பு தொடரும். டிப்ளமோ அல்லாத வெறும் நிறைவுச் சான்றிதழ் என்றால் தாராளமாக வாங்கலாம், உரிமை போகாது. அங்கி அணிந்து மேடையேற ஆசையா? டிப்ளமோ இல்லாமல் ஏற்றுவார்களா என்று கேளுங்கள், பல பள்ளிகள் சம்மதிக்கின்றன.

18இல் கல்வி உரிமைகள் பிள்ளையின் கைக்கு மாறும் என்று ஓராண்டுக்கு முன்பே பள்ளி தெரிவிக்கும். அந்தத் தாள் வந்த வாரமே, அவனுக்காக முடிவெடுக்க உங்களுக்கு என்ன வழி என்று ஒரு வழக்கறிஞரைப் பார்த்துக் கேளுங்கள்.