'அட்வான்ஸ்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சரியாக எழுதுவது எப்படி?

வீட்டுக்கு அட்வான்ஸ், மண்டபத்துக்கு அட்வான்ஸ், சம்பளத்தில் அட்வான்ஸ் என்று தினமும் நம் வாயில் புழங்கும் சொல்தான். ஆனால் அலுவலக மின்னஞ்சலில் அதை வினைச்சொல்லாக எழுதப்போனால் கை தயங்குகிறது. போன வருடம் ஒரு கூட்டத் தேதியை மாற்றி எழுதும்போது நான் இதில் நன்றாகவே மாட்டிக்கொண்டேன். அப்புறம் உட்கார்ந்து தெளிவுபடுத்திக்கொண்டதைப் படிப்படியாகத் தருகிறேன்.

முதல் படி: 'முன்' என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்

முன்பணம், முன்பதிவு, முன்கூட்டியே, முன்னேறு. அட்வான்ஸுக்குத் தமிழில் நாம் சொல்லும் சொற்களெல்லாம் 'முன்' என்றே தொடங்குகின்றன. அந்த ஆங்கிலச் சொல்லின் வேரும் அதுதான். லத்தீனில் 'ஆன்டே' என்றால் முன். காலை நேரத்துக்கு நாம் போடும் ஏ.எம். என்பதில் இருக்கும் 'ஏ' இந்த ஆன்டேதான். நண்பகலுக்கு முன் என்று பொருள். அந்த வேர் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது சொல்லில் 'டி' கிடையாது. 'ஆட்' என்ற லத்தீன் முன்னொட்டு அதில் இருப்பதாகப் பிற்காலத்தில் தவறாக எண்ணிச் சேர்த்துவிட்டார்கள். அட்வான்டேஜ் என்ற சொல்லுக்கும் இதே கதைதான்.

உச்சரிப்பில் ஒன்றைக் கவனியுங்கள். நாம் 'அட்' என்பதை அழுத்துகிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் 'வான்ஸ்' மேல் விழும்.

இரண்டாம் படி: மாற்றுச் சொல்லை இடம் பார்த்துப் போடுங்கள்

ஒருபொருட்சொல் அகராதியை முதலில் திறக்காதீர்கள். ப்ராக்ரஸ், ப்ரொசீட், மூவ் அஹெட் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கி வைத்திருக்கும். எது எங்கே பொருந்தும் என்று சொல்லாது. எடுத்துக்காட்டு வாக்கியம் தரும் கற்போர் அகராதிதான் என் தேர்வு. ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

விமான நிலையத்தில் "ப்ளீஸ் ப்ரொசீட் டு கேட் ஃபைவ்" என்று அறிவிப்பார்கள். அடுத்த கட்டத்துக்குப் போங்கள் என்பதுதான் ப்ரொசீட். அதே இடத்தில் அட்வான்ஸ் போட்டால், படை ஒன்று வாசலை நோக்கி முன்னேறுவதுபோல் ஒலிக்கும். சதுரங்கத்தில் சிப்பாயை நகர்த்துவதும், விளையாட்டு அணி அடுத்த சுற்றுக்குப் போவதும் அட்வான்ஸ்தான். எதிரே ஒரு களமோ போட்டியோ இருக்கிறது. ப்ராக்ரஸ் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது. சாலை ஓரத்தில் "வொர்க் இன் ப்ராக்ரஸ்" பலகை பார்த்திருப்பீர்கள். அதை எண்ண முடியாது, அதனால் "ஏ குட் ப்ராக்ரஸ்" தவறு. "குட் ப்ராக்ரஸ்" போதும். 'கோ அஹெட்' என்பது அனுமதி கொடுக்கும்போது வருவது.

மூன்றாம் படி: அட்வான்ஸா, அட்வான்ஸ்டா?

முன்கூட்டியே என்றால் அட்வான்ஸ்: அட்வான்ஸ் புக்கிங், அட்வான்ஸ் நோட்டீஸ். உயர்நிலை என்றால் அட்வான்ஸ்ட்: ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்ட், இலங்கையில் உயர்தரப் பரீட்சையைக் குறிக்கும் அட்வான்ஸ்ட் லெவல். "அட்வான்ஸ்ட் புக்கிங்" என்று எழுதாதீர்கள்.

பன்மையில் கூடுதல் கவனம் வேண்டும். "அட்வான்சஸ் இன் மெடிசின்" என்றால் மருத்துவத்தில் கண்ட முன்னேற்றங்கள். ஒருவர் இன்னொருவரிடம் "மேட் அட்வான்சஸ்" என்றால் தகாத எண்ணத்தோடு நெருங்கினார் என்று பொருளாகிவிடும். அலுவலகக் கடிதத்தில் இதைத் தெரியாமல் எழுதிவிடக் கூடாது.

நான்காம் படி: தேதியை மாற்றும்போது

நான் விழுந்த இடம் இதுதான். புதன்கிழமைக் கூட்டத்தைத் திங்களுக்கு மாற்றினோம். வெளிநாட்டில் இருந்த சக ஊழியருக்கு "மூவ்ட் ஃபார்வர்ட் பை டூ டேஸ்" என்று எழுதினேன். திங்கள் காலை அவர் வரவில்லை. கேட்டால், வெள்ளிக்கிழமை என்று குறித்து வைத்திருந்தார்.

அவர் மேல் தவறு இல்லை. தமிழில் "இரண்டு நாளைக்கு முன்" என்றால் கழிந்த நாள், 'பின்' என்றால் வரப்போவது. அந்தப் பழக்கத்தில் நான் ஃபார்வர்ட் என்பதை 'முன்' ஆக்கிவிட்டேன். ஆங்கிலத்தில் அது முகம் பார்த்திருக்கும் திசை; "லுக்கிங் ஃபார்வர்ட்" என்றால் பார்வை வருங்காலத்தின் மேல் இருக்கிறது. ஆங்கிலமே தாய்மொழியானவர்களுக்கும் இதில் குழப்பம் உண்டு. உளவியல் ஆய்வாளர்கள் இதே புதன்கிழமைக் கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான லெரா போரோடிட்ஸ்கி கேட்டபோது கிட்டத்தட்டப் பாதிப் பேர் திங்கள் என்றும் மீதிப் பேர் வெள்ளி என்றும் சொன்னார்கள். விமான நிலையத்தில் கேட்டபோது, அப்போதுதான் பறந்து வந்து இறங்கியவர்கள், வரவேற்கக் காத்திருந்தவர்களைவிட அதிகமாக வெள்ளி என்றார்கள். தான் நகர்ந்து போவதாக நினைப்பவருக்கு முன்னால் வெள்ளி. காலம் தன்னை நோக்கி வருவதாக நினைப்பவருக்குத் திங்கள்.

அதனால் நாள் கணக்கை எழுதாதீர்கள், கிழமையை எழுதுங்கள்: "அட்வான்ஸ்ட் ஃப்ரம் வெட்னஸ்டே டு மண்டே." நான் இப்போது தேதியையும் சேர்த்தே போடுகிறேன். 'ப்ரீபோன்' நல்ல சொல், எனக்குப் பிடித்த சொல். இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு ஆக்ஸ்போர்டு அகராதியிலும் இருக்கிறது. நம் நாட்டுக்குள் தாராளமாக எழுதலாம். வெளிநாட்டுக்கு எழுதும்போது பலருக்குப் புரியாது.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர் கேட்டவை

வீட்டு அட்வான்ஸைப் பற்றி ஒருவர் கேட்டார். காலி செய்யும்போது திரும்பக் கிடைக்கும் தொகைக்கு ஆங்கிலத்தில் செக்யூரிட்டி டெபாசிட் என்று பெயர். வெளிநாட்டு வீட்டு உரிமையாளருக்கு அட்வான்ஸ் என்று எழுதினால், முன்கூட்டியே கட்டிய வாடகை என்று எடுத்துக்கொள்வார். ஒப்பந்தத்தில் டெபாசிட் என்றே எழுதச் சொல்லுங்கள்.

இன்னொருவர், "கூட்டத்தை அட்வான்ஸ் செய்தால் நேரம் குறைகிறது, கடிகாரத்தை அட்வான்ஸ் செய்தால் ஏன் கூடுகிறது?" என்று கேட்டார். அருமையான கேள்வி. கூட்டம் நம் பக்கம் நெருங்கி வருகிறது. கடிகார முள் தான் ஓடும் திசையிலேயே முன்னே போகிறது. லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு, இரவு 1 மணியை 2 ஆக்குவார்கள். அங்கே காலை 9 மணிக்கு நடக்கும் கூட்டம் நமக்கு அதுவரை பிற்பகல் 2.30, மறுநாள் திங்களிலிருந்து 1.30. அந்த வாரம் மதியச் சாப்பாட்டைக் கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள்.