கிடைக்குழாயில் காற்றும் நீரும்: ஆய்வகத்திலும் கணினியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காகக் கிடைமட்டக் குழாயில் காற்றையும் நீரையும் சேர்த்து ஓடவிடும் நம் மாணவர்கள் பலருக்கும் இந்தச் சிக்கல் வரும்: ஆய்வகத்தில் ஒன்று நடக்கும், சிமுலேஷன் வேறொன்றைக் காட்டும். உடனே மெஷ் மீதுதான், அதாவது கணக்கிடுவதற்காகக் குழாயைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலை மீதுதான், சந்தேகம் போகும். நான் முதலில் பார்க்கச் சொல்வது நுழைவாயிலை.

ஆய்வகத்தில் காற்றும் நீரும் டி-இணைப்பில் மோதிக்கொண்டு உள்ளே வரும். கணினியிலோ மேல்பாதி காற்று, கீழ்பாதி நீர் என்று அலுங்காமல் நுழையும். நீரில் அலை எழுந்து, வளர்ந்து, குழாயின் உச்சியைத் தொட்டு அடைத்தால், குழாயை நிறைத்து ஓடும் அந்த நீர்த்திரள்தான் ஸ்லக். தொடக்கக் கலக்கமே வேறு என்றால் அது உருவாகும் தூரமும் வேறாகத்தான் இருக்கும். ஜெர்மனியில் ரோசன்டார்ஃப் ஆய்வு மையத்தின் ஹாவாக் என்ற காற்று-நீர்ச் சோதனைக் கால்வாய் 8 மீட்டர் நீளம், 100 மி.மீ. உயரம், 30 மி.மீ. அகலம் கொண்டது. அதன் நுழைவில் ஒரு தகடு காற்றையும் நீரையும் பிரித்தே வைத்திருக்கும். இப்படி இருந்தால் அந்த நிலைமையைக் கணினியிலும் அப்படியே கொடுக்க முடியும்.

இதே இடத்தில் இன்னொரு வழுக்கலும் உண்டு. எந்தக் காற்று, நீர் வேகங்களில் எந்த வகை ஓட்டம் வரும் என்று காட்டும் மந்தானே வரைபடம் 1974-இல் வந்தது. அதன் இரு அச்சுகளும் சூப்பர்ஃபிஷியல் வேகங்கள். அதாவது முழுக் குறுக்குவெட்டிலும் அந்தப் பாய்மம் மட்டுமே ஓடுவதாக வைத்துக் கணக்கிட்டவை. காற்றுக்குப் பாதித் திறப்பு என்றால், வரைபடத்தின் 1 மீ/வி என்பதைக் கணினியில் 2 மீ/வி என்று கொடுக்க வேண்டும். இது தெரியாமல் வாரக்கணக்கில் மெஷ்ஷைத் திருத்துவது வீண். இரண்டு மூன்று மி.மீ. சிறு கால்வாய்க்கு இந்த வரைபடமே பொருந்தாது. அங்கே பரப்பு இழுவிசைதான் ராஜா.

அப்புறம் சாய்வு. கால் டிகிரி சாய்வு 4 மீட்டர் நீளத்தில் வெறும் 17 மி.மீ.தான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஓட்டத்தின் திசையில் அந்த அளவு இறங்கினாலே நீர் வேகமெடுத்து, மட்டம் தாழ்ந்து, ஸ்லக் தள்ளிப்போகும். மட்டக்குழாய் வைத்துப் பாருங்கள்.

புத்தகத்தில் உள்ள 20 டிகிரி செல்சியஸ் மதிப்புகளை நம்ம ஊர் தண்ணீருக்குப் போடாதீர்கள். ஏசி இல்லாத ஆய்வகத்தில், பம்ப் சுற்றிச் சுற்றி அனுப்பும் தொட்டி நீர் 30 டிகிரியை எட்டுவது சாதாரணம். அப்போது பாகுத்தன்மை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். பரப்பு இழுவிசை அவ்வளவாக மாறாது; ஆனால் தொட்டியைச் சோப்பு போட்டுக் கழுவி, சரியாக அலசாமல் விட்டால் அதுவும் போச்சு.

கணினிப் பக்கம் சுருக்கமாக: நேரம் மிச்சம் என்று இருபரிமாணத்தில் ஓட்டினால் பக்கச்சுவர்களின் உராய்வு காணாமல் போகும். ஓட்டத்தின் கொந்தளிப்பைக் கணக்கிடும் வழக்கமான மாதிரிகள் நீர்ப்பரப்பில் இல்லாத கொந்தளிப்பை உண்டாக்கும். அதை அங்கே தணிக்கும் வசதியை இயக்க வேண்டும்.

ஒரு புகைப்படத்தையும் ஒரு சிமுலேஷன் படத்தையும் பக்கத்தில் வைத்து 'ஒத்துப்போகிறது' என்று எழுதுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. ஸ்லக் ஒழுங்கான இடைவெளியில் வராது. நிமிடத்துக்கு எத்தனை ஸ்லக், அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்று நீண்ட நேரப் பதிவை ஒப்பிடுங்கள். கைப்பேசியில் நொடிக்கு 30 படம் எடுத்தால், 3 மீ/வி வேகத்தில் போகும் ஸ்லக் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே 10 செ.மீ. நகர்ந்துவிடும். ஜாலான் பாசாரில் வாங்கிய அழுத்த சென்சார் போதும்தான். அதற்குப் போகும் சிறு குழாயில் காற்றுக்குமிழி மாட்டியிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த சென்சாரும் தப்பாகத்தான் காட்டும்.

காற்றைத் திறப்பதற்கு முன் ஒருநாள் நீரை மட்டும் ஓடவிட்டு, அழுத்த இழப்பைச் சூத்திரத்தோடு ஒப்பிடுங்கள். அதுவே ஒத்துப்போகவில்லை என்றால் காற்று வால்வைத் தொட வேண்டாம்.