புகைமூட்டமும் என் விரல் மூட்டுகளும்

புகைமூட்டம் நெஞ்சுக்கு மட்டும்தான் கேடு என்று பலர் நினைக்கிறார்கள். முடக்குவாதம் என்னும் மூட்டு அழற்சி நோய் உள்ள எனக்கு அது விரல்களிலும் தெரிகிறது. கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீடு பெரிய சாலையை ஒட்டியது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவின் கரிச்சதுப்பு நிலங்கள் எரியும்போது அந்தப் புகையும் சேர்ந்துகொள்ளும். அப்போதெல்லாம் காலையில் விரல்கள் மடங்காது. மைலோ டின் மூடியைத் திறக்கக்கூட மகளைக் கூப்பிட வேண்டும்.

2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று, உடலெங்கும் அழற்சியைத் தூண்டக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். மாத்திரைகளை அவர் சொன்னபடியே தொடர்ந்தேன்; வீட்டுக் காற்றைத்தான் மாற்றினேன்.

முதலில் மின்விசிறி. இறக்கையின் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்த தூசி தடித்துக் கிடந்தது. இப்போது அதை ஈரத்துணியால் துடைக்கிறோம்; தரையையும் அப்படித்தான். பெருக்கினால் தூசி மறுபடி எழும். கொசுவர்த்தியை நிறுத்தினோம். சாம்பிராணியை விட அம்மாவுக்கு மனம் வரவில்லை, ஆகவே அது பால்கனியோடு சரி. படுக்கையறையில் நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஓடுகிறது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஜன்னல்களை அடைத்துவிடுவேன். வெளியே போக நேர்ந்தால் என்95 முகக்கவசம். சாதாரணத் துணிக்கவசம் இந்த நுண்துகளுக்குப் போதாது.

வலி அடியோடு போகவில்லை. ஆனால் காலை விறைப்பு சீக்கிரம் விடுகிறது, மைலோ டின்னை நானே திறக்கிறேன்.