ஆட்டோவோட பின்பாதியை வச்சு மண்ணுல ஓடுற கோ-கார்ட் கட்டுறது எப்படி

முதல் தடவை கோ-கார்ட், அதாவது மேல மூடாத குட்டி நாலு சக்கர வண்டி, கட்டுறவங்க நிறைய பேரு நேரா ஒரு பழைய பைக் இன்ஜினை வாங்கிட்டு வந்துடறாங்க, அப்புறம்தான் தெரியும் அதுல ரிவர்ஸ் கிடையாது, பின் அச்சுக்கு ஷாஃப்ட் கடையணும், பேரிங், ஸ்ப்ராக்கெட், டிஸ்க்னு ஒவ்வொண்ணா தேடணும், செயின் வேற நூல் பிடிச்ச மாதிரி நேரா நிக்கணும், லேத்துக்கே பாதி காசு போயிடும். பெங்களூர்ல இருக்கிற நமக்கு அதைவிட நல்ல வழி பழைய பஜாஜ் ஆர்ஈ ஆட்டோவோட பின்பாதிதான்.

அதுல இன்ஜின், 4 கியர், ரிவர்ஸ், டிஃபரன்ஷியல் (திரும்பும்போது ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுறது), ரெண்டு பக்கமும் டிரைவ் ஷாஃப்ட், ஷாக் அப்சார்பர், ட்ரம் பிரேக், 8 இன்ச் ரிம் எல்லாம் சேர்ந்தே வந்துடும். இன்னொரு விஷயம், பைக் இன்ஜினுக்கு ஓடுற காத்து பட்டாத்தான் சூடு தணியும், சீட்டுக்குப் பின்னாடி வச்சு மண்ணுல மெதுவா ஓட்டினா சூடேறிடும். ஆட்டோ இன்ஜின் மூடின இடத்துல உக்காந்து டிராஃபிக்ல ஊர்ந்தே பழகினது, அதுக்குன்னு தனி ஃபேன் இருக்கு.

சிவாஜி நகர் பக்கம் குஜிரி கடைங்கள்ல, அதான் பழைய சாமான் கடைங்கள்ல, கேட்டுப் பாருங்க. கேக்கும்போது "பாய், இன்ஜினை மட்டும் கழட்டாதீங்க, மவுண்டிங்கோட பின் சேஸிஸையும் சேர்த்து வெட்டிக் குடுங்க"ன்னு தெளிவா சொல்லிடுங்க, இது ரொம்ப முக்கியம், ஏன்னா இன்ஜின் உக்கார்ற இடமும் சக்கரத்தோட ஆர்ம் மாட்டுற இடமும் கம்பெனி அளவுலயே இருக்கும், நீங்க அதுக்கு முன்னாடி பைப்பை சேர்த்தா போதும். பெட்ரோல்ல ஆயில் கலக்க வேண்டாத 4 ஸ்ட்ரோக் இன்ஜினா பாருங்க. ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க, நீலப் புகை வந்தா உள்ள பிஸ்டன் ரிங் போயிருக்கலாம், விட்டுடுங்க. வண்டி ஸ்கிராப்புக்கு வந்த பேப்பர், ஆர்சி காப்பி, பில்லு இல்லாம இன்ஜின் வாங்கவே வாங்காதீங்க, எவ்வளவு சல்லிசா குடுத்தாலும் சரி. இங்க நிறைய ஆட்டோ எல்பிஜில ஓடினது, அதனால பெட்ரோல் கார்புரேட்டர் தனியா வாங்க வேண்டி வரலாம், அந்த கேஸ் சிலிண்டரை கார்ட்ல ஏத்தவே கூடாது.

இப்போ மொட்டை மாடில சாக்பீஸ் எடுத்து நிஜ அளவுலயே தரையில வரைங்க. முன் சக்கரத்துல இருந்து பின் சக்கரத்துக்கு 65 இன்ச் மாதிரி வச்சு, பின்பாதியை அது உக்கார்ற இடத்துல வச்சு, நடுவுல ஒரு சீட்டைப் போட்டு நீங்களே உக்காந்து காலை நீட்டிப் பாருங்க, முட்டி லேசா மடங்கணும், பெடல் அங்கதான். இதுல ஒரு சாயங்காலம் போனா பரவால்ல, வெல்ட் அடிச்சப்புறம் மாத்துறது பெரிய வேலை.

ஃப்ரேமுக்கு ஒண்ணேகால் இன்ச் எம்எஸ் (சாதா இரும்பு) பைப், 2 எம்எம் கனம். ஜிஐ பைப் வேண்டாம், அதுமேல பூசியிருக்கிற துத்தநாகம் வெல்டிங்ல புகையா வந்து காய்ச்சல்ல படுக்க வச்சிடும். முதல்ல புள்ளி புள்ளியா டேக் மட்டும் அடிங்க, அப்புறம் டேப் வச்சு ரெண்டு மூலைவிட்டமும் ஒரே அளவான்னு பாருங்க, சரியா இருந்தா இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம்னு மாத்தி மாத்தி முழு வெல்ட். ஒரே பக்கமா இழுத்துட்டே போனா சூட்டுல ஃப்ரேம் முறுக்கிக்கும். உங்களுக்கு வெல்டிங் புதுசுன்னா டேக்கோட நிறுத்திட்டு முழு வெல்டை பீன்யால ஏதாவது ஃபேப்ரிகேஷன் கடையில குடுத்துடுங்க.

உண்மையான வேலை முன்பக்கம்தான். சஸ்பென்ஷன்ல இறங்காம, ட்ராக்டர் முன் அச்சு மாதிரி நடுவுல ஒரே பின்ல ஆடுற பீம் போடுங்க, பள்ளத்துல இறங்கினாலும் நாலு சக்கரமும் தரையைத் தொடும். முன் சக்கரம் எதைச் சுத்தித் திரும்புதோ அந்த நிக்கிற பின்தான் கிங்பின், அதோட மேல்முனை சீட் பக்கமா ஒரு 10 டிகிரி சாயணும், அப்போதான் ஸ்டியரிங்கை விட்டா தானா நேராகும். சக்கரத்தைத் திருப்புற ஸ்டியரிங் ஆர்ம்ல, அதைத் தள்ளி இழுக்கிற கம்பியான டை ராட் மாட்டுற ஓட்டையை எங்க போடுறதுன்னு ஒரு நூலை வச்சே கண்டுபிடிக்கலாம், கிங்பின் நடுவுல இருந்து பின் அச்சோட நடுப்புள்ளி வரைக்கும் நூலை இழுத்துக் கட்டுங்க, ஓட்டை அந்த நூலுக்கு நேர் மேலயே வரணும், ரெண்டு பக்கமும் அதே மாதிரி. இப்படி இருந்தா திரும்பும்போது உள் சக்கரம் வெளிச் சக்கரத்தை விட அதிகமா மடங்கும், டயர் தேயாது, இழுக்காது. ஸ்டியரிங் சுத்தினா இடவலமா நகர்ற பல் வச்ச கம்பிதான் ராக், மாருதி 800 ஸ்டியரிங் ராக் ஜேசி ரோடுல தேடுங்க, அதை ஃப்ரேம்ல வைக்காம ஆடுற பீம்மேலயே வைங்க, ஸ்டியரிங் ராடுக்கு நடுவுல, மடங்கினாலும் சுத்துற யூனிவர்சல் ஜாயின்ட் வரணும். வெல்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை திருப்பிப் பாத்துடுங்க, ராக் தலைகீழா உக்காந்தா லெஃப்ட் திருப்பினா ரைட் போகும்.

கியருக்கு ரொம்ப யோசிக்க வேணாம், ஆட்டோ ஹேண்டில்பார்ல இடது பாதியை அப்படியே வெட்டி சீட்டுக்கு இடது பக்கம் ஒரு பைப்ல நிறுத்திடுங்க, கிளட்ச்சும் கியரும் ஒரே கையில வந்துடும். கேபிள் ஆட்டோவுக்கான நீளத்துல இருக்கும், மடிச்சுக் கட்டாதீங்க, கேபிள் கடையில அளவு குடுத்து வேற செஞ்சுக்கோங்க. ஆக்சிலரேட்டர் பெடலுக்கு ரிட்டர்ன் ஸ்பிரிங் ரெண்டு போடுங்க, ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு இழுக்கணும்.

ஹெல்மெட் போட்ட தலைக்கு மேல வர்ற மாதிரி ரோல் பார், அதான் வண்டி கவிழ்ந்தா தாங்குற வளைஞ்ச பைப், கட்டாயம். ரோல் பார் இல்லாம சீட் பெல்ட் மட்டும் போட்டா வண்டி கவிழும்போது ஆள் அடியில மாட்டிப்பாரு, ரெண்டும் சேர்ந்துதான் வரணும். சீட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல தகரம், டேங்க் சைலன்சருக்கு எட்டாத தூரத்துல, இன்ஜினை நிறுத்துற கில் ஸ்விட்ச் ரெண்டு, ஒண்ணு கைக்குப் பக்கத்துல, ஒண்ணு வெளிய நிக்கிறவரு தட்டுற மாதிரி.

இன்ஜினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரைத் தள்ளச் சொல்லி பிரேக்கைப் பாருங்க. வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாம் புதுசு, ஆயிலும் புதுசு, காத்து முழுக்க எடுத்திருக்கணும், பெடல் கெட்டியா நிக்கணும். பின் சக்கரம் ரெண்டும் ஒண்ணா பிடிக்கிற வரைக்கும் பெட்ரோல் ஊத்தாதீங்க.

1988 மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு பண்ணாத வண்டியை ரோட்டுல ஓட்டக் கூடாது, லேஅவுட் ரோடா இருந்தாலும் ரோடு ரோடுதான். காஞ்சு கிடக்குன்னு ஏரிக்குள்ளயும் இறக்காதீங்க. ஆனேக்கல் பக்கம், கோலார் பக்கம் தெரிஞ்சவங்க நிலம் இருந்தா அனுமதி கேட்டு குட்டி யானையில ஏத்திட்டுப் போங்க. முதல் நாள் ரெண்டாவது கியரைத் தாண்ட வேணாம், கால் மணி நேரம் ஓட்டினதும் நிறுத்தி ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் வச்சுப் பாருங்க, முக்கியமா கிங்பின்னும் டை ராடும், அப்புறம் வெல்ட் மேல சேறைத் துடைச்சிட்டு மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருக்கான்னு டார்ச் அடிச்சுத் தேடுங்க, இருந்தா அன்னைக்கு வண்டி ஓட வேணாம்.