பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருக்காதீர்கள்

கிரேட்ஃபுல் டெட் குழுவின் 'டார்க் ஸ்டார்' பாட்டை நான் முதலில் கேட்டது 1968இல் வெளிவந்த சிறிய இசைத்தட்டின் வடிவத்தில். மூன்று நிமிடம்கூட இல்லை. கடைசியில் எங்கிருந்தோ ஒரு பேஞ்சோ சத்தம் வந்து மறைந்தது, அவ்வளவுதான். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஒதுக்கிவைத்துவிட்டேன். அப்புறம் ஒரு நண்பர் அதே பாட்டின் 23 நிமிட மேடை வடிவத்தைக் கொடுத்தார். அதை இன்னும் மோசமாகக் கேட்டேன். குரல் எப்போது வரும் என்று விரலால் தள்ளித் தள்ளிப் போனேன். குரல் வந்தது, சில வரிகள் பாடியது, போய்விட்டது. மறுபடி தள்ளினேன்.

அந்தத் தவறைத்தான் கிட்டத்தட்ட எல்லோரும் முதலில் செய்கிறார்கள்.

1965இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் உருவான குழு இது. கிடார் வாசித்துப் பாடிய ஜெர்ரி கார்சியா 1995இல் இறக்கும்வரை 30 வருடம் மேடையேறினார்கள். ஒரே பாட்டை இரண்டு இரவுகளில் ஒரே மாதிரி வாசிக்காதவர்கள். பாட்டை ஒரு வாசல்படியாக வைத்துக்கொண்டு அங்கிருந்து எங்காவது கிளம்பிப் போகும் இந்த மாதிரிக் குழுக்களை ஜாம் பேண்ட் என்பார்கள். டார்க் ஸ்டார் அவர்கள் கையில் இருந்த மிக அகலமான வாசல். எழுதிவைத்தது என்று பார்த்தால் குழுவின் பாடலாசிரியர் ராபர்ட் ஹன்டரின் இரண்டு சிறு சரணங்கள், ஒரு தொடக்க இசைத்துணுக்கு, இடையிடையே வந்துபோகும் ஒரு மெட்டு, அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் அன்றைக்கு மேடையில் பிறந்தது.

ஆகவே சரணத்தைத் தேடிப் போனால் வாசல்படியைத் தேடிப் போகிறோம் என்று அர்த்தம். 1969 பிப்ரவரி 27 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் வாசித்ததுதான் 'லைவ் டெட்' தொகுப்பில் இருக்கும் அந்த 23 நிமிடம். அதில் முதல் சரணம் வரவே ஏறத்தாழ 6 நிமிடம் ஆகும். அந்த 6 நிமிடத்தை முன்னுரை என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாக வருபவர் காதைப் பழக்க அதைவிட நல்ல இடம் இல்லை. எல்லாம் தெளிவாக இருக்கும், யாரும் கத்த மாட்டார்கள், டிரம்ஸ்கூட அடங்கியே ஒலிக்கும்.

கார்சியாவை மட்டும் கேட்பது

இதுதான் பெரிய தவறு. நீக்குவதற்கு அதிக நாள் பிடிப்பதும் இதுவே. லீட் கிடார் உச்சத்தில் ஒலிக்கிறது, காது தானாகவே அதைப் பிடித்துக்கொள்கிறது. மற்றவர்கள் பின்னணி என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. இந்தக் குழுவில் பின்னணி என்று ஒன்று கிடையாது.

பேஸ் கிடார் வாசித்த ஃபில் லெஷை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் என்றால் கீழே நின்று தாங்குவது என்பது பொதுவான எண்ணம். லெஷ் அப்படி வளர்ந்தவர் அல்லர். டிரம்பெட் வாசித்தவர், மில்ஸ் கல்லூரியில் இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோவிடம் படித்தவர், இந்தக் குழுவில் சேர்ந்தபோதுதான் பேஸையே கையில் எடுத்தார். அதனால் அவர் விரல்களுக்குத் தாங்கும் பழக்கம் இல்லை, பேசும் பழக்கம்தான் உண்டு. கார்சியா ஒரு வரி வாசித்து மூச்சு விடும் இடத்தில் லெஷ் நுழைவார். சில சமயம் மூச்சு விடும் முன்பே நுழைவார். 1974இல் அவர்கள் மேடைக்குப் பின்னால் எழுப்பிய பிரம்மாண்டமான ஸ்பீக்கர் சுவரில் லெஷின் நான்கு தந்திகளையும் தனித்தனி ஸ்பீக்கர்களுக்கு அனுப்ப வசதி இருந்தது. பின்னணிக் கருவிக்கு யாராவது இத்தனை செலவு செய்வார்களா?

இன்னொரு கிடாரில் பாப் வியர். இவரைத்தான் காது கடைசியாகக் கண்டுபிடிக்கும். ரிதம் கிடார் என்று பெயர், ஆனால் சீராகத் தட்டிக்கொண்டே போக மாட்டார். பாதி ஸ்வரக்கூட்டை இங்கே வைப்பார், இரண்டு தந்தியை மட்டும் அங்கே சுண்டுவார், நடுவில் சும்மா இருப்பார். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் குழுவில் பியானோ வாசித்த மெக்காய் டைனரின் இடது கையைக் கேட்டுக் கற்றுக்கொண்ட வழி அது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைத் தெரிந்துகொண்ட பிறகு கேட்டால் அந்தக் கிடார் ஒரு பியானோக்காரரின் கை மாதிரிதான் நடந்துகொள்வது புரியும்.

நான் கண்ட ஒரே வழி இது. லைவ் டெட் பதிவின் முதல் 6 நிமிடத்தில் ஏதாவது இரண்டு நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை லெஷை மட்டும். மூன்றாம் தடவை வியரை மட்டும். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கும்வரை. நான்காம் தடவை மறுபடி கார்சியாவை. இப்போது அவர் வாசிப்பதில் பாதி, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லும் பதில் என்று தெரியவரும். 23 நிமிடத்தையும் பத்துத் தடவை கேட்பதைவிட இந்த எட்டு நிமிட வேலை அதிகம் கொடுக்கும்.

கச்சேரிக் காதோடு உட்காருவது

இது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தவறு. நானும் இதில் நன்றாகவே விழுந்தேன். கர்நாடக இசை கேட்டுப் பழகியவருக்கு 20 நிமிட மனோதர்மம் பெரிய விஷயம் இல்லை, பொறுமை ஏற்கெனவே இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. கச்சேரியில் பாடகர் முன்னால் போவார், வயலின் நிழலாக வரும், தனக்கு முறை வரும்போது பேசும். டார்க் ஸ்டாரில் அந்த வரிசை கிடையாது. யார் பிரதானம், யார் பக்கவாத்தியம் என்று தேடினால் கிடைக்காது. ஒரு நிமிடம் லெஷ் இழுக்கிற பக்கம் எல்லோரும் போவார்கள், அடுத்த நிமிடம் ஆர்கன், அதற்கடுத்த நிமிடம் யாருமே இழுக்காமல் மிதப்பார்கள்.

சுரங்கள் என்னவோ தெரிந்தவைதான். பாட்டு நிற்பது 'ஏ' சுருதியில், நம் கணக்கில் 6 கட்டை. அவர்கள் மிக்சோலிடியன் என்று சொல்லும் அளவை நமக்கு ஹரிகாம்போதியின் ஆரோகண அவரோகணம்தான். சுருதிப் பெட்டியை 6 கட்டையில் வைத்துவிட்டுக் கூடவே பாடிப் பார்க்கலாம். சங்கராபரணத்துக்குப் போகாமல் நம்மை நிறுத்திவைக்கும் அந்தக் கைசிகி நிஷாதம் தெளிவாகக் கேட்கும். ரசிகர்கள் கையில் பதிந்த பழைய டேப் என்றால் ஓடும் வேகத்தால் சுருதி கொஞ்சம் முன்பின் ஆகலாம், அது வேறு. ஆனால் ஒத்துமை அந்த ஏழு சுரத்தோடு முடிந்தது. கமகம் இல்லை, ராக பாவம் இல்லை, ஹரிகாம்போதி இப்படிப் போகலாமா என்ற கேள்வியே அங்கே இல்லை. முதல் சரணத்துக்குப் பிறகு பெரும்பாலும் அந்த அளவையும் விட்டுவிடுவார்கள். சட்ஜமே மறைந்துவிடும். அதை அபஸ்வரம் என்று குறித்துக்கொண்டால் பாட்டின் பாதியைக் குற்றப்பட்டியலில் சேர்த்ததாக ஆகும்.

தாளத்திலும் அப்படியே. தொடையில் தட்டிக்கொண்டே கேட்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் நான்கு நான்காகப் போகும், கை சுகமாக இருக்கும். அப்புறம் டிரம்ஸ் எண்ணிக்கையைக் கைவிட்டுவிட்டுச் சலங்கை மாதிரி உதிரும். சமத்துக்கு எப்போது வருவார்கள் என்று என் கை காத்துக்கொண்டிருந்தது. வரவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள்.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். லெஷ் முழுசாகக் காணாமல் போவார், மேலே சொன்னதெல்லாம் வீண். சுமாரான ஹெட்போன் போதும்.

எந்த இரவு, எந்தப் பதிவு

இந்தக் குழு ரசிகர்களைத் தடுக்காமல் பதிவு செய்ய விட்டது. 1984 அக்டோபர் முதல் பதிவு செய்பவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. அதன் விளைவாக டார்க் ஸ்டார் ஏராளமான இரவுகளில் கிடைக்கிறது. இங்கே இரண்டு தவறு நடக்கும். ஒன்று, ஒரே வாரத்தில் பத்து இரவுகளைக் கேட்டு எது சிறந்தது என்று வரிசைப்படுத்துவது. இரண்டு, நீளமே தரம் என்று நினைப்பது. ஒரு பதிவு 40 நிமிடம் ஓடுகிறது என்றால் அன்றைக்கு நிறைய நேரம் இருந்தது என்பது மட்டும் உறுதி. ஒப்பிடும் ஆசை ரொம்ப இருந்தால், கனடாவின் இசையமைப்பாளர் ஜான் ஆஸ்வால்ட் 1968 முதல் 1993 வரையிலான நூற்றுக்கும் மேற்பட்ட டார்க் ஸ்டார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு தொகுப்பே செய்திருக்கிறார். ஆனால் அது பழகிய காதுக்கு.

டேப் வாங்கும்போது மேடை ஒலிகளைக் கலக்கும் மிக்சரிலிருந்து நேராக எடுத்தது மட்டுமே வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. அதில் கருவிகள் பக்கத்தில் ஒலிக்கும், சரி. ஆனால் மிக்சரில் கலக்குவது அரங்கத்துக்காக. மேடையில் ஏற்கெனவே சத்தமாக இருக்கும் கருவியை அங்கே குறைத்துத்தான் வைப்பார்கள், டேப்பிலும் அது குறைந்தே விழும். கூட்டத்தின் நடுவே மைக் நீட்டிப் பிடித்தது கரகரவென்று இருந்தாலும் அன்று அரங்கில் கேட்டது அதுதான். தொடங்குபவருக்கு இந்த வம்பே வேண்டாம். பல தடங்களில் பதிந்து ஒழுங்காகக் கலந்து வெளியிட்டவை இருக்கின்றன.

லைவ் டெட்டுக்கு அடுத்து நான் சொல்வது 1972 ஆகஸ்ட் 27, ஓரிகன் மாநிலத்தின் வெனீட்டா. நொடித்துப்போயிருந்த ஒரு பால்பண்ணைக்குப் பணம் திரட்ட வெட்டவெளியில் வாசித்த நாள். தயிர் டப்பாவுக்கான லேபிளில்தான் டிக்கெட் அச்சடித்தார்களாம். கொளுத்தும் வெயில் சாயத் தொடங்கியபோது டார்க் ஸ்டாரை எடுத்தார்கள், அரைமணி நேரத்துக்கு மேல் போனது. 1969 பதிவையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டு, ஏன் ஒரே மாதிரி இல்லை என்று குழம்பக் கூடாது. முன்னதில் மேடையில் ஏழு பேர், இரண்டு டிரம்மர், ஆர்கன். வெனீட்டாவில் இரண்டாவது டிரம்மர் மிக்கி ஹார்ட் இல்லை, பில் க்ராய்ட்ஸ்மன் ஒருவரே டிரம்ஸ். ஆர்கன் இருந்த இடத்தில் கீத் காட்ஷோவின் பியானோ. ஒரு டிரம்மர் என்றால் திரும்புவது சுலபம். நினைத்த மாத்திரத்தில் குழு வளைகிறது, ஜாஸ் குழு மாதிரி நகர்கிறது. ஆள் மாறினால் பாட்டு மாறும் என்பதை இந்த இரண்டு பதிவே கற்றுக்கொடுத்துவிடும்.

எல்லாவற்றையும் புகழ்வது

ரசிகனான பிறகு வரும் தவறு இது. கொஞ்சம் புரிய ஆரம்பித்ததும் எல்லாமே மேதைமை என்று தோன்றும். அப்படி இல்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு யாராவது எதையாவது தொடங்கட்டும் என்று காத்திருக்கும் நிமிடங்கள் உண்டு. நல்ல இரவுகளிலும் உண்டு. அது மௌனத்தின் ஆழம் என்றெல்லாம் வியாக்கியானம் செய்யத் தேவையில்லை, அது வெறும் தேக்கம். தேக்கம் எப்படி உடைகிறது என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலும் மிகச் சிறிய ஒன்றுதான் உடைக்கும்: வியர் திரும்பத் திரும்பச் சுண்டும் இரண்டு சுரம், அல்லது லெஷ் திடீரென்று கீழே இறங்கி வைக்கும் ஒரு கனத்த அடி. அடுத்த பத்து நொடிக்குள் மற்றவர்களின் வாசிப்பு அதன் பக்கம் சாய்வதைக் கேட்கலாம். எனக்கு உச்சக்கட்ட இரைச்சலைவிட இந்தச் சாய்வுதான் பிடிக்கும். இரைச்சல் வரப்போவது முன்பே தெரிந்துவிடும், சாய்வு எப்போதும் எதிர்பாராமல் வரும்.

இன்னொன்று: தடம் முடிந்தது என்று செயலி காட்டியவுடன் நிறுத்திவிடாதீர்கள். இவர்கள் பாட்டை முடிப்பதே அரிது, அடுத்ததற்குள் நுழைந்துவிடுவார்கள். லைவ் டெட் இசைத்தட்டாக வந்தபோது டார்க் ஸ்டார் முதல் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டதால், அடுத்த பாட்டுக்குள் நுழையும் இடத்தில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. இன்று அந்தக் கஷ்டம் இல்லை. தடங்களுக்கு நடுவே இடைவெளி விடாதே என்று செயலியின் அமைப்பில் ஒரு தடவை மாற்றிவைத்தால் போதும். வெனீட்டாவில் இது முக்கியம். அங்கே இரண்டாவது சரணம் வரவே வராது. அதற்காகக் காத்திருந்தால் ஏமாறுவீர்கள். எல்லாம் உடைந்து இரைந்து அடங்கிய பிறகு, அந்தச் சிதறலுக்குள்ளிருந்து மூன்று எண்ணிக்கையில் ஒரு துள்ளல் எட்டிப்பார்க்கும். என்னவென்று யோசிப்பதற்குள் வியர் ஒரு பழைய கௌபாய் கதைப்பாட்டைப் பாட ஆரம்பித்திருப்பார்.