சிட்டி எடுக்கலாமா, பென்ஸ் எடுக்கலாமா?

"அண்ணாச்சி, பதினெட்டு லட்சம் வச்சிருக்கேன். புது சிட்டி எடுக்கவா, இல்ல ஆறேழு வருசம் ஓடுன பென்ஸ் எடுக்கவா?" திருநெல்வேலி கே.டி.சி. நகரில் இருக்கும் என் ஒர்க் ஷாப்புக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. நான் வளைகுடாவில் ஜெர்மன் கார்களைப் பிரித்து மாட்டிப் பழகிவிட்டு ஊர் திரும்பியவன். இங்கே மாருதி டிசையர், ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா என்று எல்லாம் கைக்கு வருகின்றன. இரண்டு வகையின் அடிவயிற்றையும் பார்த்தவன் என்பதால்தான் என்னிடம் கேட்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலோருக்குப் புதிய குடும்ப செடான்தான் சரி. செடான் என்றால் பின்னால் தனி டிக்கி நீண்டிருக்கும் கார். சொகுசு செடான் பொருந்துகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் சொல்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம் என்பது ஷோரூம் நாற்காலியில் உட்கார்ந்தால் தெரியாது.

முதல் வேலையாக, வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்க் காரில் ஏற்றுங்கள். நீங்கள் மட்டும் போய் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தால் பாதி விஷயம் தெரியாமலே போய்விடும். பென்ஸ் சி-கிளாஸ், பிஎம்டபிள்யூ 3 சீரீஸ் இரண்டுமே பின் சக்கரங்களால் தள்ளப்படும் கார்கள். இன்ஜின் முன்னால், இழுவை பின்னால் என்பதால் நடுவே ஒரு தண்டு ஓட வேண்டும். அதற்காகத் தரையின் நடுவில் உயரமாக ஒரு மேடு இருக்கும். பின் சீட்டில் நடுவில் உட்காருகிறவர் அந்த மேட்டுக்கு இரு பக்கமும் காலைப் பரப்பித்தான் உட்கார வேண்டும். முன் சக்கரத்தால் ஓடும் சிட்டி, வெர்னா, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் போன்றவற்றில் மேடு இவ்வளவு உயரம் இல்லை. சி-கிளாஸின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான நீளம், 2,800 மி.மீ.க்கு மேல், சிட்டியுடையது 2,600 மி.மீ. தாளில் பார்த்தால் பென்ஸ்தான் பெரிது. ஆனாலும் அது நாலு பேர் கார். அப்பா, அம்மா, நீங்கள் இருவர், ஒரு பிள்ளை என்று ஐந்து பேர் தென்காசி வரை போய் இறங்கும்போது நடுவில் இருந்தவரைக் கேளுங்கள்.

டிக்கியையும் திறந்து பாருங்கள். சிட்டி 506 லிட்டர், விர்டஸ் 521, வெர்னா 528. இப்போதைய சி-கிளாஸ் 455. இந்தியாவில் விற்ற சில பென்ஸ் மாடல்களில் ஸ்டெப்னி டிக்கிக்குள் மேலாகவே கிடக்கும், பெட்டி வைக்கும் இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். வீட்டில் மூட்டு வலிக்காரர் இருந்தால் இரண்டு வகையிலும் அவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். சொகுசு கார் என்றால் ஏறுவது சுலபம் என்று நினைக்கிறார்கள். செடான் எல்லாமே தாழ்வுதான், சில சொகுசு கார்கள் இன்னும் தாழ்வு.

அடுத்தது ரோடு. நாலு வழிச்சாலையை வைத்து முடிவெடுக்காதீர்கள், அங்கே எல்லாக் காரும் நன்றாகத்தான் போகும். உங்கள் வாசலிலிருந்து நாலு வழிச்சாலை வரைக்கும் உள்ள ரோட்டையும், பங்குனி உத்திரத்துக்கு உங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போகிற பாதையையும் நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ சாஸ்தா கோயில்கள் குளத்தங்கரையிலும் காட்டுக்குள்ளும் இருக்கின்றன. தேரிப் பக்கம் என்றால் செம்மணல். சிட்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் காரின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி, 165 மி.மீ., விர்டஸுக்கு 179. இதெல்லாம் ஆள் ஏறாத கணக்கு. ஐந்து பேரும் பொங்கல் பானையும் ஏறினால் பின்பக்கம் இறங்கும். வீல்பேஸ் நீளமான காருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. முன் சக்கரம் ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டிய பிறகு நடு வயிறு அதன் மேல் உட்காரும். ஊருக்கு ஊர் மக்களே போட்டுவைத்த ஸ்பீடு பிரேக்கர்களின் உயரம் உங்களுக்குத் தெரியும்.

டயரில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 205/55 ஆர்16 என்றால் அகலம் 205 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், அதாவது ஏறக்குறைய 113 மி.மீ. விர்டஸில் வருவது இது. 225/45 ஆர்18 என்றால் பக்கச் சுவர் 101 மி.மீ.தான். அந்தச் சுவர் குறையக் குறைய, பள்ளத்தில் இறங்கும்போது அடி நேராக அலாய் வீலுக்குப் போகும். பிஎம்டபிள்யூவில் பலவற்றுக்கு ஸ்டெப்னியே கிடையாது, ரன்-ஃபிளாட் டயர்தான். பஞ்சரானாலும் 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. தூரம் ஓட்டலாம். அதற்குள் அதே அளவு டயர் உங்களுக்குக் கிடைக்குமா? மதுரைக்குச் சற்று இப்பால் பஞ்சரானால் கிடைத்துவிடும். நாங்குநேரியில் ராத்திரி பத்து மணிக்கு என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட கார் வாங்கினால் காற்றடிக்கும் இன்ஃப்ளேட்டரும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நான் ரொம்பவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன்: பழைய சொகுசு கார். ஆறேழு வருடத்தில் அந்தக் காரின் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது, சிட்டி விலைக்கே கிடைக்கிறது. ஆனால் அதன் ஹெட்லைட்டின் விலை இறங்குவதில்லை. கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டு யூனிட், ஏர் சஸ்பென்ஷன் உள்ள மாடல் என்றால் அதன் கம்ப்ரஸர், முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கேமரா என எல்லாமே ஐம்பது, அறுபது லட்ச ரூபாய்க் காருக்குச் செய்த சாமான்கள். அந்த விலையில்தான் கடைசிவரை வரும். வாங்கும் அன்று மட்டும்தான் அது பதினெட்டு லட்சக் கார். அடுத்த நாளிலிருந்து செலவு அதன் பழைய விலைக்கு ஏற்றபடிதான்.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாள் எடுத்து, ஒரு ஹெட்லைட், முன் கண்ணாடி, நாலு டயர், முன் பிரேக் டிஸ்க்கும் பேடும், முன் லோயர் ஆர்ம், கியர் ஆயில் மாற்றுவது, பேட்டரி என்று வரிசையாக எழுதுங்கள். கம்பெனி சர்வீஸுக்குப் போன் போட்டு, அந்தக் காரின் சேசிஸ் எண்ணைச் சொல்லி ஒவ்வொன்றின் விலையும் கேளுங்கள். சிட்டிக்கும் வெர்னாவுக்கும் அதே பட்டியலைக் கேட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். பேட்டரி என்றால் கழற்றி மாட்டினால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பல சொகுசு கார்களில் புதுப் பேட்டரியை ஸ்கேனர் வைத்துக் காருக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியலின் கூட்டுத்தொகையைப் பார்த்தும் மனசு கலங்கவில்லை, அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்கவும் முடியும் என்றால் தாராளமாக மேலே போங்கள்.

அடுத்து, அந்த பிராண்டின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் உங்கள் வீட்டிலிருந்து எத்தனை கி.மீ. என்று அவர்கள் இணையதளத்திலேயே பாருங்கள். மதுரையில்தான் இருக்கிறது என்றால், அது நமக்கு 150 கி.மீ.க்கு மேல். கார் ஓடுகிற நிலையில் இருந்தால் ஒரு நாள் போய் வந்துவிடலாம். நின்றுவிட்டால் தட்டை லாரியில்தான் ஏற்ற வேண்டும். சாதாரண ரெக்கவரி வண்டியில் சங்கிலி போட்டு ஒரு முனையைத் தூக்கி இழுத்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கெட்டுப்போகலாம். இன்சூரன்ஸில் ரோட்சைடு உதவி இருந்தால், தட்டை லாரி எத்தனை கி.மீ. வரை இலவசம் என்று வாசித்துப் பாருங்கள்.

வெள்ளத்தில் கிடந்த கார் உங்கள் தலையில் விழுந்துவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னையும் மூழ்கிக் கிடந்தது. சொகுசு கார்களில் தண்ணீர் இன்ஜின் வரை ஏறவே வேண்டாம். சீட்டுக்கு அடியிலும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் கண்ட்ரோல் யூனிட்கள் இருக்கும். 3 சீரீஸில் பேட்டரியே டிக்கியில்தான். மிதியடிக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் போதும், பிறகு ஒவ்வொன்றாகக் கோளாறு கிளம்பும். பார்ப்பது இப்படித்தான்: சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, தண்டவாளத்திலும் போல்ட்டிலும் துரு தேடுங்கள். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி மூலைகளில் விரலை விட்டுப் பாருங்கள். பழைய கார் என்றாலும் ஹெட்லைட்டுக்குள் மண் கோடு இருக்கக் கூடாது. உள்ளே பூ வாசனை சென்ட் தூக்கலாக அடித்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். அப்புறம் ஒரு விவரம் தெரிந்த ஆளைக் கூட்டிப்போய் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். மீட்டர் போர்டில் கி.மீ.யைக் குறைக்க முடியும், ஆனால் பல கார்களில் அதே கி.மீ. வேறு யூனிட்களிலும் பதிந்திருக்கும். கம்பெனி சர்வீஸ் பதிவோடு அதை ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

டெல்லிக் கார் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், அங்கே பழைய கார்கள் மேல் இருக்கும் கட்டுப்பாட்டால் விலை இறங்கியிருக்கலாம். தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய ஆயுட்கால வரி, டிஎன் 72 என்ற நம்மூர் நம்பர் வாங்கும் அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு நிற்பதில்லை.

டீசல் சொகுசு கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். பிஎஸ்6 எனும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் காரில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, இன்ஜின் சூடாகி நிலையான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்கும் திரும்பவும் மட்டுமே ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை நாகர்கோவில் வரை போகிறவருக்குப் பிரச்சினை இல்லை. டவுன் ஓட்டத்துக்குப் பெட்ரோல்தான். 2023 ஏப்ரலுக்கு முன் செய்த பெட்ரோல் கார் என்றால், டேங்க் மூடியில் இ10 என்று இருக்கிறதா, இ20 என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்; பெட்ரோலில் எத்தனால் எத்தனை சதவீதம் வரை கலந்தால் அந்தக் காருக்கு ஏற்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

புதிய சொகுசு காரே வாங்க வசதி இருக்கிறவர்களுக்கு வரிக் கணக்கும் தேய்மானக் கணக்கும் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்கு மேற்பட்ட செடான்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். சிட்டிக்கும் சி-கிளாஸுக்கும் அதே விகிதம்தான். வித்தியாசம் தமிழ்நாட்டு ஆயுட்கால வரியில். பத்து முதல் இருபது லட்சம் வரை 18 சதவீதம், இருபதுக்கு மேல் 20. அறுபது லட்சம் என்றால் வரியே 12 லட்சம், அதில் ஒரு தொடக்க வகை செடானே கிட்டத்தட்ட வந்துவிடும். இன்சூரன்ஸ்காரர்கள் தேய்மானம் போடும் அட்டவணைப்படி, மூன்று வருடம் தாண்டி நான்குக்குள் இருக்கும் காருக்கு 40 சதவீதம் கழிப்பார்கள். 18 லட்சத்தில் அது 7.2 லட்சம். 60 லட்சத்தில் 24 லட்சம்.

சரி, சொகுசு கார் யாருக்கு? மாதம் பலமுறை சென்னைக்கோ கோவைக்கோ தானே ஓட்டிப்போகிற வியாபாரிகளுக்கு. 600 கி.மீ. ஓட்டிவிட்டு இறங்கும்போது முதுகும் காதும் நன்றாக இருக்கும், அதற்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தால் எடை கூடிய காரின் அருமை தெரியும். பக்கக் காற்றில் லேசான கார் விலகுகிற அளவுக்கு இது விலகாது. ராத்திரி ஓட்டத்துக்கு அதன் விளக்கும் பிரேக்கும் வேறு தரம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் இன்னொரு கார் இருந்து, அது ஒர்க் ஷாப்பில் கிடக்கும் நாட்களிலும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியும் என்றால் இன்னும் நல்லது.

பாதுகாப்புக்காகத்தான் பென்ஸ் என்று சொல்கிறவர்களுக்கு: விர்டஸ், ஸ்கோடா ஸ்லேவியா, வெர்னா மூன்றும் 2023-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. எந்தக் காராக இருந்தாலும் பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும், அம்மா வேண்டாம் என்றாலும் போட்டுவிடுங்கள்.

குடும்ப செடானுக்குள் எதை எடுப்பது என்பது கியர்பாக்ஸைப் பொறுத்தது. டவுன் நெரிசலில்தான் பாதி ஓட்டம் என்றால் சிட்டியின் சிவிடியோ, வெர்னா சாதா பெட்ரோலில் வரும் ஐவிடியோ நிம்மதி; இரண்டுமே படிப்படியாகக் கியர் மாறாமல் வழுக்கிக்கொண்டு போகும் ஆட்டோமேட்டிக். விர்டஸ் 1.5, வெர்னா டர்போ ஆட்டோமேட்டிக்குகளில் இருப்பது ஏழு கியர் இரட்டை கிளட்ச் வகை. ஓட்ட இனிமை. ஆனால் ஊர்ந்து ஊர்ந்து போகிற நெரிசலில் கிளட்ச் சூடேறும். விர்டஸ் 1.0-வில் டார்க் கன்வெர்ட்டர், அதாவது எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் ஆட்டோமேட்டிக், வருகிறது, என் கைக்கு அதுதான் பிடித்தது.

டெஸ்ட் டிரைவை மத்தியானம் ஒரு மணிக்குக் கேளுங்கள். காரை வெயிலில் நிறுத்தி வைக்கச் சொல்லி, பின் சீட்டில் உட்கார்ந்து ஏசி எப்போது குளிர்கிறது என்று பாருங்கள். ஈரடுக்குப் பாலம் ஏறி டவுனுக்குள் போய், ரத வீதியில் ஒரு சந்துக்குள் திருப்பிப் பாருங்கள். சிட்டியின் அகலம் 1,748 மி.மீ., 3 சீரீஸ் 1,827, அதோடு இரண்டு பக்கக் கண்ணாடிகளும் சேரும். பிறகு நாங்குநேரி டோல்கேட் வரை போய்த் திரும்புங்கள். ஷோரூம்காரர் அவ்வளவு தூரம் விடமாட்டேன் என்றால் வேறு ஷோரூமில் கேளுங்கள், விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எதை எடுத்தாலும் இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு சேர்த்துப் போடுங்கள். மழைத் தண்ணீரில் நின்ற காரை ஒருபோதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். புதுக் கார் என்றால் ஆர்டிஓ பதிவுக்கு முன்னரே யார்டில் போய்ப் பார்த்துவிடுங்கள். டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் வருடத்தின் 23-வது வாரம். ஸ்டெப்னி உட்பட ஐந்து டயரிலும் அதைப் பாருங்கள்.