பெசோவுக்கும் ரியலுக்கும் இடையே பழைய மாற்று விகிதத்தைக் கணக்கிடுவது எப்படி

அர்ஜென்டினா பெசோவுக்கும் பிரேசில் ரியலுக்கும் பழைய தேதி ஒன்றின் விகிதம் வேண்டுமானால், கணக்கைத் தொடங்கும் முன்பே மூன்றை முடிவு செய்துவிடுங்கள்: எந்த நாணயம், எந்தச் சந்தை, எந்த நாள். நாணய மாற்றுத் தளங்கள் தரும் ஒற்றை எண் இந்த மூன்றையும் சொல்வதில்லை. அதை அப்படியே எடுத்து ஆவணத்தில் எழுதினால் பத்து மடங்கு, நூறு மடங்குப் பிழை வருவது சாதாரணம்.

டாலர் வழியாகப் போவதே சரியான வழி. பிரேசில் மத்திய வங்கி ஒவ்வொரு வேலை நாளும் 'பிடாக்ஸ்' என்ற சராசரி விகிதத்தை வெளியிடுகிறது. டாலருக்கு எத்தனை ரியல் என்பது அதில் இருக்கும். அந்த வங்கியின் காலத்தொடர்ப் பட்டியலில் தொடர் எண் 1, தினசரி டாலர் விற்பனை விலை. அர்ஜென்டினா மத்திய வங்கி 2002 மார்ச் முதல் 'ஏ 3500' என்ற சுற்றறிக்கைப்படி, வங்கிகள் பெருந்தொகைகளை வாங்கி விற்கும் மொத்தச் சந்தையின் டாலர் விலையை அன்றாடம் தருகிறது. ஒரே தேதிக்கு இரண்டையும் எடுத்து, பெசோ எண்ணை ரியல் எண்ணால் வகுத்தால் ஒரு ரியலுக்கு எத்தனை பெசோ என்பது கிடைக்கும்.

இரு நாட்டு விடுமுறைகளும் வேறு வேறு. பிரேசிலில் செப்டம்பர் 7, அர்ஜென்டினாவில் ஜூலை 9 என்று ஒரு பக்கம் மட்டும் எண் இல்லாத நாட்கள் ஆண்டு முழுவதும் வரும். அப்போது முந்தைய வேலை நாளின் எண்ணை எடுத்துக்கொண்டு, எடுத்ததைக் குறித்து வையுங்கள்.

இறக்கிய தரவுக் கோப்பை எக்செலில் திறக்கும்போது கவனம் தேவை. இரு நாட்டிலும் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. 4,9500 என்பதை ஆங்கில அமைப்பில் உள்ள எக்செல் 49500 என்று படித்துவிடும். அர்ஜென்டினாவின் அரசு வங்கியான நேஷன் வங்கி வெளியிடும் நோட்டு விலைப்பட்டியலில் ரியலுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும்; அந்த விலை 100 ரியலுக்கானது. நூறு மடங்குப் பிழை பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அடுத்தது சந்தை. 2011 அக்டோபர் இறுதியிலிருந்து 2015 டிசம்பர் வரையும், மறுபடி 2019 செப்டம்பரிலிருந்து 2025 ஏப்ரல் வரையும் அர்ஜென்டினாவில் 'செப்போ' எனப்படும் டாலர் கட்டுப்பாடு இருந்தது. அந்த ஆண்டுகளில் அதிகாரபூர்வ விலை ஒன்று, தெருவில், அதாவது கள்ளச்சந்தையில், 'ப்ளூ' எனப்படும் டாலரின் விலை வேறொன்று. 2023 அக்டோபரில் அதிகாரபூர்வ டாலர் 350 பெசோ. ப்ளூ 1,000-ஐத் தாண்டியது. ரியல் அப்போது டாலருக்கு 5-ஐ ஒட்டி இருந்தது. ஆக, ஒரே நாளில் ஒரு ரியல் 70 பெசோ என்பதும் சரி, 200 பெசோ என்பதும் சரி. இறக்குமதி ரசீது, கம்பெனிக் கணக்கு, வரி என்றால் அதிகாரபூர்வ எண். ஒரு பயணி கையில் உண்மையில் எவ்வளவு கிடைத்தது என்பது கேள்வியானால் ப்ளூ. இரண்டின் சராசரி யாருக்கும் பயன்படாது, அதை எடுக்காதீர்கள். 2023 டிசம்பர் 13 அன்று அதிகாரபூர்வ விலை ஏறக்குறைய 366-லிருந்து 800-க்குத் தாவியது. அந்த வாரத்தில் தேதி ஒரு நாள் பிசகினால் விடை பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும்.

1991 ஏப்ரல் முதல் 2001 கடைசி வரை வேலை எளிது; அர்ஜென்டினா தன் நாணயத்தை டாலரோடு நிலையான விகிதத்தில் பிணைத்திருந்தது. முதலில் அதன் அப்போதைய நாணயமான ஆஸ்ட்ரல் 10,000 ஒரு டாலர். 1992 ஜனவரி 1 முதல் ஒரு பெசோ ஒரு டாலர். எனவே ரியல் வந்த 1994 ஜூலைக்குப் பிறகு டாலருக்கான ரியல் விலையே பெசோவுக்கான ரியல் விலை. 1999 ஜனவரி 12 அன்று 1.21 ரியலாக இருந்தது, பிரேசில் தன் நாணயத்தை மிதக்கவிட்டதும், அதாவது விலையைச் சந்தையிடமே விட்டதும், மாத இறுதியில் 1.98-ஐத் தொட்டது. 2002 ஜனவரியில் அர்ஜென்டினா இந்தப் பிணைப்பைக் கைவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் குறுக்குவழி செல்லாது.

1991-க்கும் முன்னால் போனால் நாணயத்தின் பெயரே மாறிக்கொண்டிருக்கும். அர்ஜென்டினாவில் 1970-இல் இரண்டு பூஜ்யம், 1983 ஜூனில் நான்கு, 1985 ஜூனில் மூன்று, 1992-இல் நான்கு: மொத்தம் பதின்மூன்று பூஜ்யம் வெட்டப்பட்டது. பிரேசிலில் 1967, 1986, 1989, 1993 ஆகிய ஆண்டுகளில் தலா மூன்று. 1990-இல் பிரேசிலின் அன்றைய நாணயமான குருசாடோ நோவோ குருசெய்ரோ ஆனபோது பெயர் மட்டும் மாறியது, மதிப்பு மாறவில்லை. கடைசியாக 1994 ஜூலை 1 அன்று 2,750 குருசெய்ரோ ரியல் ஒரு ரியல் ஆனது.

1985-ஆம் ஆண்டின் 5,00,000 குருசெய்ரோவை எடுத்துக்கொள்வோம். 1,000-ஆல் வகுத்தால் 500 குருசாடோ. மறுபடி வகுத்தால் 0.5 குருசாடோ நோவோ, அதுவே 0.5 குருசெய்ரோ. இன்னொரு முறை வகுத்தால் 0.0005 குருசெய்ரோ ரியல். அதை 2,750-ஆல் வகுக்க வேண்டும். நான்கு தசமத்தோடு நிறுத்தியிருந்தால் விடை வெறும் பூஜ்யம். அதனால் பழைய காலத்துக்கு அந்தந்த நாளின் நாணயத்திலேயே கணக்கைப் போட்டு, இன்றைய அலகுக்கு மாற்றுவதைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேசத் தரவுத் தொகுப்புகள் பழைய எண்களை இன்றைய பெசோவுக்கு மாற்றியே தரும். அவற்றை மறுபடி வகுத்துவிடாதீர்கள்.

மாத சராசரி வேண்டுமா? ஒவ்வொரு நாளுக்கும் வகுத்து, பிறகு சராசரி எடுங்கள். இரண்டு மாத சராசரிகளை ஒன்றால் ஒன்று வகுத்தால் வரும் எண் வேறு. 1989 ஜூலையில் அர்ஜென்டினாவின் விலைவாசி ஒரே மாதத்தில் ஏறக்குறைய 197 சதவீதம் ஏறியது. அப்படிப்பட்ட மாதத்தின் சராசரியை ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பயன்படுத்தக் கூடாது.

2008 அக்டோபருக்குப் பிந்தைய தேதியானால் சரிபார்க்க ஒரு வழி உண்டு. இரு மத்திய வங்கிகளும் நடத்தும் 'எஸ்எம்எல்' என்ற உள்நாட்டு நாணயப் பட்டுவாடா முறைக்கென்று ரியல்–பெசோ விகிதம் தினமும் வெளியாகிறது. உங்கள் விடை அதிலிருந்து கடைசித் தசமங்களில் மட்டும் விலகினால் பரவாயில்லை. அதற்கு மேல் விலகினால் முதலில் தேதியைப் பாருங்கள், பிறகு காற்புள்ளியை.